தாத்தா சொன்னதா, போன் சொன்னதா? இரவுச் சாப்பாட்டு வாக்குவாதம் ஒரு பாடமாக

ஏழாம் வகுப்பில் வாரம் ஒருமுறை 'எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சு' என்ற தலைப்பில் அரைப்பக்கம் எழுதச் சொல்வது எனது வழக்கம். எழுத்துப் பயிற்சிக்காகத் தொடங்கியதுதான். சந்தை விலை, ஆட்டுக்குட்டி, அத்தை வீட்டுக் கல்யாணம் என்று எழுதி வருவார்கள். ஒருநாள் புளியறையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நோட்டை மூடாமல் வைத்திருந்தேன்.

இரவில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1946-இல் பிறந்த தாத்தா பேச்சுவாக்கில், "நான் பொறந்தப்போ நம்ம ஊரு கேரளாவுலல்லா இருந்துச்சு" என்கிறார். கல்லூரியில் படிக்கும் அண்ணன் இடது கையால் போனை எடுத்துத் தேடுகிறான். "இல்ல தாத்தா. கேரளா உருவானதே 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். அன்னைக்கே செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்துட்டு. நம்ம ஊரு கேரளாவுல இருந்ததே கெடையாது." அப்பா சிரிக்கிறார். தாத்தா, "அப்போ இனிமே எல்லாத்தையும் அதுகிட்டயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போகிறார்.

கடைசி வரியை அந்தக் குழந்தை இப்படி எழுதியிருந்தாள்: "ரெண்டு நாளாகத் தாத்தா கதை சொல்லவில்லை."

நம் மாணவர்களின் வீடுகளில் இது அன்றாடம் நடப்பதுதான். எந்த வாக்குவாதத்துக்கும் அரை நிமிடத்தில் தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு சரியா, முழுமையா, அது வந்தபின் பேச்சு வளர்ந்ததா நின்றதா என்பதை யாரும் கவனிப்பதில்லை. இதையே மூன்று பாடவேளைகளுக்கான ஒரு பாடமாக அமைத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

யார் சொன்னது சரி?

முதலில் அந்த வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்வோம். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இது நல்ல விருந்து.

அண்ணன் சொன்ன தேதி சரி. மாநில மறுசீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்று, செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. அதே நாளில்தான் கேரள மாநிலமும் பிறந்தது. ஆகவே செங்கோட்டை கேரள மாநிலத்தில் இருந்ததில்லை என்பதும் சரி. ஆனால் அண்ணன் சொன்னதிலும் ஒரு பிழை உண்டு. 1956-இல் 'தமிழ்நாடு' என்ற பெயரில் மாநிலம் இல்லை. அப்போது அது சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

தாத்தா பிறந்த 1946-இல் புளியறை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைக்கப்பட்டன. தாத்தாவின் முதல் பத்து வயது அந்த ஆட்சிகளின் கீழ்தான் கழிந்தது. அவர் 'கேரளா' என்று சொன்னது பெயர்ப்பிழை. அவர் சொல்லவந்த செய்தி, அதாவது தான் பிறந்தபோது இந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்தது என்பது, முழுக்க உண்மை.

இருவரிடமும் பாதி உண்மை இருந்தது. இரண்டையும் சேர்த்திருந்தால் நல்ல வரலாற்றுப் பாடம் கிடைத்திருக்கும். அந்த நாளில் எந்தக் காசு புழங்கியது என்று யாராவது கேட்டிருந்தால், தன் அம்மா சக்கரத்திலும் காசிலும் கணக்குப் பார்த்ததைத் தாத்தா சொல்லியிருக்கக்கூடும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு என்று கேட்டால் அது கணக்குப் பாடம். போன் தேதியைச் சொன்னது. தாத்தாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இது புதிய ஆசை அல்ல

வாக்குவாதத்துக்கு உடனே விடை வேண்டும் என்ற ஆசை போனோடு வந்ததில்லை. 1951-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் வேட்டைக்குப் போன ஒரு கூட்டத்தில், ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளில் வேகமாகப் பறப்பது எது என்று பேச்சு முற்றியது. எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த கின்னஸ் நிறுவன நிர்வாகி ஹியூ பீவர், இப்படிப்பட்ட சச்சரவுகளைத் தீர்க்க ஒரு புத்தகம் வேண்டும் என்று எண்ணினார். மெக்விர்ட்டர் இரட்டையர் தொகுக்க, 1955-இல் கின்னஸ் சாதனைப் புத்தகம் வெளிவந்தது.

தமிழில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இலேயே வந்துவிட்டது. பின்னர் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. அந்த நாளில் ஐயம் தீர நூலகம் வரை நடக்க வேண்டும். நடந்து போய்த் திரும்புவதற்குள் கேள்வி மனத்தில் ஊறிவிடும். இன்று அந்த இடைவெளி இல்லை. இந்தப் பாடத்தின் நோக்கம் அந்த இடைவெளியைச் சிறிதளவாவது திரும்பக் கொண்டுவருவதே.

நம் பக்கத்திலேயே வேறுவிதமான ஒரு முன்மாதிரியும் உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியிலும், பின்னாளில் குற்றாலத்தில் அவர் வாழ்ந்த வீட்டிலும் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டு விருந்தாளிகள். கம்பராமாயணத்தில் எந்தெந்தப் பாடல்கள் கம்பர் பாடியவை, எவை இடைச்செருகல் என்பதில் டி.கே.சி.க்குத் தனித்த கருத்து இருந்தது. அதை ஏற்காத அறிஞர்களும் இருந்தார்கள். அந்த விவாதத்தை எந்தக் கருவியும் அரை நிமிடத்தில் முடித்திருக்க முடியாது. விவாதம் தொடர்ந்ததால்தான் பலர் கம்பனைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

பாடத்தின் அமைப்பு

வகுப்பு: 6 முதல் 9 வரை. 4, 5 வகுப்புகளுக்கான எளிய வடிவம் பின்னர் தரப்பட்டுள்ளது.
நேரம்: மூன்று பாடவேளைகள், இடையே ஒரு வாரம்.
தேவையானவை: துண்டுத் தாள்கள், கரும்பலகை, ஆசிரியரின் திறன்பேசி ஒன்று அல்லது உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினி. மாணவர்கள் போன் கொண்டுவரத் தேவையில்லை, கொண்டுவரவும் கூடாது.

கற்றல் விளைவுகள்: ஒரு கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிதல், தேடும் முன் தன் கணிப்பை எழுதுதல், கிடைத்த விடையைச் சொன்னவர் யார் என்று ஆராய்தல், மாறுபட்ட கருத்துடையவரிடம் மரியாதையோடு உரையாடலைத் தொடர்தல்.

முதல் பாடவேளை: கேள்விகளைப் பிரித்தல்

வீட்டில் கேட்ட ஒரு வாக்குவாதத்தை ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுத் தாளில் கேள்வியாக எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டாம். எல்லாத் தாள்களையும் கலந்து, குழுக்களிடம் கொடுத்து, கீழ்க்கண்ட ஐந்து வகைகளாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக் கேள்விகளையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

1. பதிவில் உள்ள விடை. 'செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் எப்போது நின்றது, அகலப் பாதை எப்போது திறந்தது?' 2010-இல் நின்றது, 2018-இல் திறந்தது. இத்தகைய கேள்விகளுக்குப் போன் நல்ல துணை.

2. எண்ணும் முறையைப் பொறுத்த விடை. 'குற்றாலத்தில் எத்தனை அருவிகள்?' ஐந்தருவியை ஒன்றாக எண்ணுவதா, ஐந்தாக எண்ணுவதா? 'பேரருவியின் உயரம் என்ன?' மேலிருந்து விழும் நீர் இடையில் பொங்குமாங்கடலில் நிரம்பி, மறுபடி வழிந்து விழுகிறது. எங்கிருந்து எதுவரை அளப்பது? இரண்டு இணையப் பக்கங்கள் இரண்டு எண்களைச் சொன்னால் ஒன்று பொய் என்று ஆகிவிடாது. 'எப்படி அளந்தார்கள்?' என்று கேட்கப் பழக்க வேண்டும்.

3. நேரத்தைப் பொறுத்த விடை. 'இன்றைக்கு அருவியில் குளிக்க விடுகிறார்களா?' நேற்றைய விடை இன்றைக்கு உதவாது. போன் காட்டும் வீடியோ போன வருடத்து வீடியோவாக இருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்திருந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும் என்பது இந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வகைக் கேள்விக்கு அன்றைய அரசு அறிவிப்பும், அருவிக்கரையில் நிற்கும் காவலரின் சொல்லும்தான் விடை.

4. காரணம் கேட்கும் கேள்வி. 'தமிழகத்தின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. குற்றாலத்தில் மட்டும் ஆனி, ஆடியிலேயே சாரல் ஏன்?' தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் நுழைவது காரணம் என்று போன் ஒரு வரியில் சொல்லிவிடும். வரியைப் படித்தவர் புரிந்துகொண்டாரா என்பது வேறு. மலையையும் காற்றின் திசையையும் படமாக வரைந்து விளக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

5. விருப்பமும் மதிப்பும் சார்ந்த கேள்வி. 'பார்டர் பரோட்டா நல்லா இருக்குமா, அம்மா போடும் பரோட்டா நல்லா இருக்குமா?' 'அக்காவை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பலாமா?' இவற்றுக்குப் போனில் தீர்ப்பு இல்லை. இரண்டாவது கேள்விக்குத் தேவையான தகவல்களைத் தேடலாம். முடிவை வீட்டார் பேசித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் 34 தாள்கள் வந்தன. முதல் வகையில் சேர்ந்தவை 11 மட்டுமே. 'போன் எல்லாத்தையும் தீர்த்துவிடும்' என்று நம்பியிருந்த மாணவர்களுக்கு இந்த எண்ணிக்கையே பாதிப் பாடம்.

இரண்டாம் பாடவேளை: ஐந்து படிகள்

இதற்கு என் சொந்தப் பிழையையே எடுத்துக்காட்டாக வைத்தேன். முன்பு ஒருமுறை வகுப்பில், தென்காசி மாவட்டம் 2019 ஜூலை 18-இல் உருவானது என்று சொல்லியிருந்தேன். மறுநாள் ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க மாமா போன்ல பார்த்தாங்க, நவம்பர் 22-ன்னு போட்டிருக்கு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "சரி, உட்காரு, பாடத்தைப் பார்ப்போம்" என்று கடந்துவிட்டேன். புளியறைத் தாத்தா கை கழுவப் போனதற்கும் நான் பாடத்துக்குப் போனதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அந்த மாணவியின் நோட்டைப் படித்தபோதுதான் உறைத்தது.

அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அந்த மாணவனையே முன்னால் அழைத்து, ஐந்து படிகளில் விடை தேடினோம்.

படி 1. தேடும் முன் எழுது. ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுத வேண்டும். கணிப்பு தவறானாலும் பயன் உண்டு. விடையைச் சொல்ல முயன்று தவறியவர்கள், பின்னர் சரியான விடையைப் பார்த்ததும் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று நேட் கார்னெல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

படி 2. கேள்வியைக் கூர்மையாக்கு. 'உருவானது' என்றால் அறிவிக்கப்பட்டதா, செயல்படத் தொடங்கியதா? இந்தக் கேள்வியை எழுப்பியதுமே பாதி வாக்குவாதம் கரைந்துவிட்டது. 2019 ஜூலை 18-இல் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. நவம்பர் 22-இல் புதிய மாவட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

படி 3. பக்கத்தை விட்டு வெளியே வந்து பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வரலாற்று ஆய்வாளர் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர் 10 பேர், கல்லூரி மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து அவர்கள் படிக்கும் விதத்தைக் கவனித்தார்கள். வரலாற்று ஆய்வாளர்களிலும் பலர், மாணவர்களைப் போலவே, அந்தப் பக்கத்திலேயே நின்று அதன் தோற்றத்தை வைத்து எடைபோட்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே வேறு பக்கங்களைத் திறந்து, 'இதை நடத்துபவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்' என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு எனலாம். புதிதாக ஊருக்கு வந்தவரைப் பற்றி அவரிடமே கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதுபோலத்தான்.

படி 4. சொன்னவர் பெயரைச் சொல். 'கூகுள் சொன்னது' என்று எழுதக் கூடாது. கூகுள் வழிகாட்டும் பலகை, ஊர் அல்ல. மாவட்ட இணையதளமா, நாளிதழா, யாரோ ஒருவரின் பதிவா என்று எழுத வேண்டும். இப்போது தேடல் முடிவின் மேலேயே செயற்கை நுண்ணறிவு தயாரித்த சுருக்கம் வருகிறது. அது தவறாகவும் இருக்கக்கூடும் என்பதால் அதற்குக் கீழே உள்ள மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் பழக்க வேண்டும்.

படி 5. எதிரில் இருப்பவரிடம் திரும்பிப் போ. விடையோடு மட்டும் போகாமல் ஒரு கேள்வியோடும் போக வேண்டும். 'நீங்கள் சொன்னது தவறு' என்பதற்குப் பதில், 'நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள்?' அல்லது 'அப்போது எப்படி இருந்தது?'

ஐந்தாம் படிக்கு ஒரு காரணம் உண்டு. இணையத்தில் விளக்கம் தேடியவர்கள், தேடாத வேறு பொருள்களைப் பற்றியும் தமக்கு நிறையத் தெரியும் என்று கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று மேத்யூ ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் கண்டறிந்தார்கள். கையில் இருக்கும் அறிவும் தலையில் இருக்கும் அறிவும் ஒன்றெனத் தோன்றிவிடுகிறது. அடுத்தவரிடம் ஒரு கேள்வி கேட்கும்போது அந்த மயக்கம் சற்றுத் தெளியும்.

மூன்றாம் பாடவேளை: வீட்டிலிருந்து வகுப்புக்கு

ஒரு வார இடைவெளியில் மாணவர்கள் வீட்டில் ஒரு வாக்குவாதத்தை இந்தப் படிகளில் நடத்தி வர வேண்டும். ஒரே ஒரு விதி: சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் போன். அதுவரை கேள்வி தட்டருகே இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லலாம். இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தும் என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பினேன். பெற்றோர் சிலர் சிரித்தபடி கையெழுத்திட்டிருந்தார்கள்.

மூன்றாம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் ஒரு வாக்குவாதத்தை நடித்துக் காட்டி, எந்தப் படியில் கருத்து மாறியது என்று சொல்ல வேண்டும். மதிப்பீட்டுக்கு நான்கு கேள்விகள் போதும்: கணிப்பை முன்கூட்டியே எழுதினாரா? குறைந்தது இரண்டு மூலங்களைப் பார்த்தாரா? சொன்னவர் பெயரைக் குறித்தாரா? அடுத்தவரிடம் என்ன கேட்டார், என்ன புதிதாகத் தெரிந்துகொண்டார்? விடை சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் வைக்கவில்லை.

4, 5 வகுப்புகளுக்கு

சிறு குழந்தைகளுக்குத் தேடல் தேவையில்லை. 'போனுக்குத் தெரியும், ஆச்சிக்குத் தெரியும், இருவருக்கும் தெரியாது' என்று மூன்று வட்டங்கள் வரைந்து கேள்வி அட்டைகளை வைக்கச் சொல்லலாம். 'இந்தியாவின் தலைநகரம் எது?' முதல் வட்டம். 'எங்கள் தெருக் கிணறு எப்போது தூர்ந்தது?' இரண்டாவது. 'நாளைக்கு நான் என்ன கனவு காண்பேன்?' மூன்றாவது. எங்கள் பள்ளிக் குழந்தைகள் இரண்டாவது வட்டத்தைத்தான் வேகமாக நிரப்பினார்கள்.

கவனிக்க வேண்டியவை

எல்லா வீட்டிலும் திறன்பேசி இல்லை. எல்லா வீட்டிலும் தாத்தா, ஆச்சியும் இல்லை. அந்தக் குழந்தைகள் பள்ளியின் சத்துணவு சமையலரிடமோ, அக்கம்பக்கத்துப் பெரியவரிடமோ பேசி வரலாம். வீட்டுச் சண்டை, பணம், உறவுச் சிக்கல் பற்றிய பேச்சுகளை எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி ஏதேனும் எழுதி வந்தால் வகுப்பில் படிக்காமல் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இதில் நாம் தனியாகவும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கிய அனுபவத்துக்குப் பின், 2018-இல் மாவட்ட நிர்வாகம் அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பொய்ச்செய்தியைக் கண்டறியும் வகுப்புகளை நடத்தியது. பள்ளியில் கற்றது குழந்தைகள் வழியே வீட்டுக்குப் போகும் என்பதே அதன் நம்பிக்கை. நமக்கும் அதே நம்பிக்கைதான்.

அந்த மாணவி மூன்றாம் பாடவேளையில் தன் தாத்தாவைப் பற்றியே பேசினாள். "தாத்தா, கேரளான்னு பேரு வர்றதுக்கு முந்தி நம்ம ஊருக்கு என்ன பேரு சொல்லுவாங்க?" என்று கேட்டாளாம். "திருவாங்கூருல்லா!" என்றாராம் தாத்தா. பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் போன உறவுக்காரர்கள், புகைவண்டியில் குகைக்குள் போகும்போது முகத்தில் படியும் கரி, பள்ளியில் முதலில் எழுதிய எழுத்து என்று பேச்சு பத்து மணி வரை போயிருக்கிறது. அண்ணன் போனை எடுத்தான். தேடுவதற்கு அல்ல, தாத்தா பேசியதைப் பதிவு செய்ய.

அந்தப் பதிவு இப்போது எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு எங்கள் பள்ளியில் பயன்படுகிறது. உங்கள் ஊரிலும் இப்படியொரு தாத்தா இருப்பார். இந்த வாரம் மாணவர்களிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள்.